க்ரீம் பூசிய இடம் எரிகிறது, நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்குப் பிறவியிலேயே தோலில் நிறமி கிடையாது, அல்பினிசம் என்கிறார்கள். வயது 41. கோவில்பட்டி அருகே பெட்டிக்கடை நடத்துகிறேன். நெற்றி, மூக்கு, முன்கை ஆகிய இடங்களில் சொரசொரப்பான சிவந்த புள்ளிகள் வந்தன. புற்றாக மாறக்கூடும் என்று சொல்லி, தோல் மருத்துவர் 5 சதவீத ஃப்ளூரோயூராசில் க்ரீமைக் காலையும் இரவும் மூன்று வாரம் பூசச் சொன்னார். ஒன்பதாம் நாளில் முகமெல்லாம் சிவந்து எரிகிறது. மருந்துக் கடைக்காரர் இது அலர்ஜி என்று சொல்லி வேறொரு க்ரீம் கொடுத்திருக்கிறார். கையில் ஒரு புள்ளி மட்டும் தடித்து, சட்டை உரசினாலே வலிக்கிறது. என்ன செய்வது?

பதில்: கடைக்காரர் கொடுத்த க்ரீமை ஓரமாக வையுங்கள், மருத்துவர் எழுதிக் கொடுத்ததை முகத்தில் தொடருங்கள். ஒன்பதாம் நாளில் முகம் சிவந்து எரிவதைத்தான் இந்த மருந்திடம் நாங்கள் எதிர்பார்க்கிறோம். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்களால் கெட்டுப்போன தோல் செல்கள் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகும். பெருகுவதற்குத் தேவையான மரபுப்பொருளை அவை தயாரிக்க விடாமல் தடுத்து இந்த மருந்து அவற்றை அழிக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் தோலுக்குள் இருந்தவையும் சேர்ந்து சிவப்பதால், புள்ளியே இல்லாத இடத்திலும் புதிதாக ஏதோ கிளம்பிவிட்டது போலத் தோன்றும். இதை முதல் நாளே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் என்று ஓடும் வெளிநோயாளிப் பிரிவில் அதைச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

இரண்டாம், மூன்றாம் வாரங்களில் தோல் உரிந்து, பொருக்குத் தட்டி, இன்னும் மோசமாகத் தெரியும். மேல்தோல் கழன்று பச்சைப்புண் போல ஆகும்போது மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வாரம் முடியாவிட்டாலும் பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுவார். அதன் பிறகு முழுமையாக ஆற ஒன்றிரண்டு மாதம் பிடிக்கலாம். 2019-இல் நெதர்லாந்தில் 624 பேரிடம் நான்கு சிகிச்சைகளை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குப் பிறகும் நல்ல பலன் நீடித்தவர்கள் இந்த க்ரீம் பூசியவர்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேர். இமிக்யுமாட் என்ற வேறொரு க்ரீம் பூசியவர்களில் ஐம்பத்து நான்கு பேர். ஆகவே எரிச்சலைப் பொறுத்துக்கொள்வதில் அர்த்தம் இருக்கிறது. சீழ், காய்ச்சல், கண்ணிமை வீக்கம், வாய்ப்புண், வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடைக்காரர் கொடுத்த க்ரீமுக்கு வருகிறேன். பெட்டியில் க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது அச்சாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும் ஸ்டீராய்டு. அதோடு பூஞ்சை மருந்தையும் கிருமி மருந்தையும் கலந்து, படைக்கும் தேமலுக்கும் முகப்பருவுக்கும் ஒரே ட்யூபை நீட்டுவது நம் ஊர்க் கடைகளில் சர்வசாதாரணம். பூசிய மறுநாளே சிவப்பு வடிந்துவிடும், கடைக்காரர் கைராசிக்காரர் ஆகிவிடுவார். ஆனால் மருத்துவர் கொடுத்த க்ரீமை எப்போது நிறுத்துவது என்று எங்களுக்குக் காட்டிக்கொடுக்கும் சிவப்பே மறைந்துவிடும், தொடர்ந்து பூசினால் தோலும் மெலிந்துபோகும். சிகிச்சை முடிந்த பிறகு சில நாளைக்கு மென்மையான ஸ்டீராய்டு ஒன்றை நாங்களே எழுதித் தருவது உண்டு. அதைச் சீட்டு இல்லாமல் கடைக்காரர் முடிவு செய்யக்கூடாது. சட்டம் சீட்டு கேட்கிறது, கல்லாப்பெட்டி கேட்பதில்லை.

கையில் தடித்திருக்கும் புள்ளியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். விரல் நுனியால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் தட்டையான புள்ளிகளுக்குத்தான் இந்த க்ரீம். அடியில் கெட்டியாகக் கைக்கு அகப்படுவது, தொட்டால் வலிப்பது, வேகமாக வளர்வது, ரத்தம் கசிவது, ஆறாமல் திரும்பத் திரும்பப் பொருக்குத் தட்டுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஏற்கெனவே புற்றாக மாறியிருக்கக்கூடும். உங்கள் புள்ளியிலோ தடிப்பு, வலி என இரண்டு இருக்கின்றன. அதன்மேல் க்ரீம் பூசினால் மேற்பரப்பு மட்டும் ஆறி, அடியில் இருப்பது மறைந்தபடியே வளரும். இந்த வாரமே சதைப் பரிசோதனைக்குக் கேளுங்கள். மரத்துப்போகும் ஊசி போட்டு, ஒரு சிறு துணுக்கு எடுப்பார்கள், அவ்வளவுதான். புற்று என்று தெரிந்தாலும், இந்த நிலையில் வெட்டி எடுத்தால் பெரும்பாலும் முழுமையாகக் குணமாகும். லேசரில் சுட்டு எடுத்துவிடலாம் என்று யாராவது ஒரு கிளினிக்குக்கு அழைத்தால் போகாதீர்கள். அவருக்குக் கமிஷன் கிடைக்கும், உங்களுக்குப் பரிசோதிக்கச் சதை மிஞ்சாது.

பூசும்போது மூக்கின் மடிப்பிலும் உதட்டோரத்திலும் க்ரீம் தேங்க விடாதீர்கள். கண்ணுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். பூசியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிகள் இதைத் தொடக்கூடாது. நாயோ பூனையோ ட்யூபைக் கடித்தால் அதன் உயிரே போகக்கூடும்.

கடையில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் தட்டி கட்டுங்கள். முழுக்கைச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியும் அணியுங்கள். சன்ஸ்கிரீன் உங்களுக்கு மருந்துக்குச் சமம், ஆனால் நம் நாட்டுச் சட்டம் அதை அழகுசாதனப் பொருளாகத்தான் பார்க்கிறது. அதனால் விலை கையைக் கடிக்கும். முகத்துக்கும் காதுக்கும் கழுத்துக்குமாவது வாங்கிப் பூசுங்கள், மற்ற இடத்தைத் துணி பார்த்துக்கொள்ளும். மருத்துவரிடம் போகும்போது கடைக்காரர் கொடுத்த க்ரீமின் பெட்டியையும் மறக்காமல் கொண்டு செல்லுங்கள்.