முதல் கேமிங் கணினி: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

விடுமுறை தொடங்கிவிட்டதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 40,000 முதல் 60,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் கணினியை முதன்முறையாகத் தாமே அசெம்பிள் செய்ய விரும்புவோரிடமிருந்து வந்தவை. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. பிராசசருக்கு எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டுக்கு எவ்வளவு ஒதுக்கலாம்? (கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவர்)

மானிட்டரும் இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டுமா என்பதை நீங்கள் எழுதவில்லை. மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கார்டுக்கு ஏறத்தாழ 40 சதவீதமும், பிராசசருக்கும் மதர்போர்டுக்கும் சேர்த்து 30 சதவீதமும் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), கேபினெட் ஆகியவற்றை முடித்துக்கொள்ளலாம். 1080பி விளையாட்டுக்கு ரைசன் 5 5600 அல்லது ஐ5 12400எஃப் போன்ற 6 கோர் பிராசசரும், ஆர்எக்ஸ் 6600 தரத்தில் 8 ஜிபி கார்டும் போதுமானவை. மானிட்டரும் வாங்க வேண்டுமென்றால் பிராசசரை ஐ3 12100எஃப் அளவுக்கு இறக்குங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்காதீர்கள். ராம் விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், அன்றைய விலையை முதலில் கேட்டு உறுதிசெய்துகொண்டு மற்றவற்றுக்குக் கணக்குப் போடுங்கள்.

இப்போதைக்கு, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி பிராசசரை வாங்கிவிட்டு, பிறகு கார்டு சேர்த்துக்கொள்ளலாமா? (பெரம்பூர்)

ஆறு மாதத்தில் கார்டு வாங்கிவிடுவீர்கள் என்றால் வேண்டாம். 5600இல் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இருக்கிறது, 5600ஜியில் அதில் பாதிதான். கார்டு இணையும் பிசிஐஇ தடமும் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுகிறது. ஓராண்டுக்கு மேல் ஆகும் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் அதனுள் இருக்கும் கிராபிக்ஸ், ராமையே தன் நினைவகமாகப் பயன்படுத்துவதால், 16 ஜிபியை ஒரே குச்சியாக அல்லாமல் இரண்டு 8 ஜிபியாகப் போடுங்கள்.

என் கணினியில் கேம் தடுமாறுகிறது, என்ன செய்வது? (எம்.கே.பி. நகர்)

என்ன பிராசசர், என்ன கார்டு, எவ்வளவு ராம், எந்த கேம் என்ற நான்கில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை. இப்படி வரும் கடிதத்துக்கு யாராலும் பதில் சொல்ல இயலாது. விவரங்களோடு மீண்டும் எழுதுங்கள். அதற்குள், மானிட்டர் கேபிள் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா, கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார்டு இருந்தால் அதில்தான் செருக வேண்டும்.

கேபினெட்டோடு 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசமாகத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். மகன் தனியாக 4,000 ரூபாய்க்கு ஒன்று வேண்டும் என்கிறான். தேவையா? (தண்டையார்பேட்டை, ஒரு தந்தை)

உங்கள் மகன் சொல்வதுதான் சரி. இதைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். எழுதியும் மாதத்துக்கு இரண்டு கணினிகளாவது இந்தக் காரணத்தால் பழுதாகி என்னிடம் வருகின்றன என்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது.

சென்ற மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டடத் தொழிலாளியான தந்தை சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் மகன் வாங்கி அசெம்பிள் செய்த கணினி, மூன்றாவது வாரத்தில் விளையாட்டின் நடுவே ஒரு வெடிச் சத்தத்தோடு நின்றுவிட்டிருந்தது. எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிக் கையில் எடுத்ததுமே அதன் எடைக்குறைவு தெரிந்தது. மேலே ஒட்டியிருந்த தாளில் பெரிய எழுத்தில் 450 என்று இருந்தது. கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட் வரிசையில் 14 ஆம்பியர் என்று இருந்தது. 12ஐ 14ஆல் பெருக்கினால் 168 வாட்தான் வருகிறது. பிராசசரும் கார்டும் ஏறத்தாழ முழுக்க இந்த 12 வோல்ட்டையே நம்பியிருக்கின்றன. ஆர்எக்ஸ் 6600 மட்டுமே 130 வாட்டுக்கு மேல் இழுக்கும், பிராசசர் 75 வாட் அளவில் இழுக்கும். கூட்டினால் 200ஐத் தாண்டிவிடுகிறது. மூடியைத் திறந்தபோது, மின்சாரம் நுழையும் இடத்தில் வடிகட்டிச் சுருள்கள் அமர வேண்டிய துளைகள் காலியாக இருந்தன. அவற்றுக்குப் பதிலாக இரண்டு கம்பித் துண்டுகள் பற்றவைக்கப்பட்டிருந்தன. (நீங்கள் யாரும் இதைத் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கக்கூடிய மின்னேற்றம் தங்கியிருக்கும்.) கார்டுக்கான 8 பின் இணைப்பே அதில் இல்லாததால், ஹார்டு டிஸ்க் இணைப்பிலிருந்து ஒரு மாற்றி வழியாக மின்சாரம் கொடுத்திருக்கிறார்கள், அந்தப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. மதர்போர்டும் அதோடு போய்விட்டது. பில் இல்லாமல் வாங்கியதால் வாரண்டியும் கேட்க முடியவில்லை. அந்தப் பையன் எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஆகவே, எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெரிய எழுத்தைப் பார்க்காமல் 12 வோல்ட் வரிசையின் ஆம்பியரைப் பாருங்கள். நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் அது 40க்கு மேல் இருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) என்ற முத்திரை, பாதிச் சுமையில் ஏறத்தாழ 85 சதவீத மின்சாரம் வீணாகாமல் கணினிக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கான சான்று மட்டுமே. உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக இருக்கின்றன என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. ஐந்தாண்டு வாரண்டி தரும் மாடலாகத் தேர்ந்தெடுத்து, சீரியல் எண் குறிக்கப்பட்ட ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டதா? (ராயபுரம்)

பெரும்பாலும் இல்லை, உங்கள் சுவிட்ச் போர்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியில் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட் உலோகத்துக்குச் சிறு கெபாசிட்டர்கள் இணைக்கப்பட்டிருக்கும். எர்த் கம்பி இல்லாதபோது கேபினெட், 230 வோல்ட்டில் பாதியளவான 115 வோல்ட்டில் மிதக்கும். டெஸ்டரை வைத்தால் விளக்கு எரிவது இதனால்தான். இந்த நிலையில் டிவிக்கு எச்டிஎம்ஐ கேபிள் செருகினால் போர்ட் பழுதாகலாம். எஸ்எம்பிஎஸ்ஸில் பழுது ஏற்பட்டாலோ முழு மின்னழுத்தமும் கேபினெட்டுக்கு வந்துவிடும். பழைய வீடுகளில் மூன்று துளைச் சாக்கெட் இருந்தும், பின்னால் எர்த் கம்பி வராமலேயே இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனை அழைத்து முறையான எர்த் போடுங்கள். எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது ஆபத்தானது.

பழைய ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி கார்டு மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா? (வியாசர்பாடி)

பெயரில் 580 என்றிருந்தாலும் திறனில் அது ஆர்எக்ஸ் 570தான். உண்மையான 580இல் 2304 கோர்கள் உண்டு, இதில் 2048தான். 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், அந்த நாணயத்தை ஈட்டும் மைனிங்கில் இரவுபகலாக ஓடிய கார்டுகள் பெருமளவில் சந்தைக்கு வந்தன, அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 570க்கான விலையில் தந்தால் வாங்கலாம். அதற்கு முன் விற்பவர் வீட்டிலேயே ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், ஜிபியு-இசட் மென்பொருளில் விவரங்களைச் சரிபாருங்கள். மூல பில்லையும் கேளுங்கள்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன், 60தான் காட்டுகிறது. (திருவொற்றியூர்)

விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் 144ஐ நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே 144 இல்லையென்றால் டிஸ்பிளே போர்ட் கேபிளைப் பயன்படுத்துங்கள்.

கடற்கரைக்கு அருகில் வீடு. இரும்பெல்லாம் துருப்பிடிக்கிறது. கணினி தாங்குமா? (காசிமேடு)

தாங்கும், இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு அடியில் வைக்காதீர்கள். உப்புக்காற்றைவிட, உப்போடு படியும் தூசி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதுதான் மதர்போர்டை அரிக்கிறது. ஆகவே வலை வடிகட்டி உள்ள கேபினெட்டாக வாங்கி, மாதம் ஒரு முறை அந்த வலையைக் கழற்றித் தட்டிவிடுங்கள். ஊருக்குப் போனாலும் வாரக்கணக்கில் அணைத்து வைக்காமல், யாரையாவது அவ்வப்போது சிறிது நேரம் ஓடவிடச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் ஈரம் காயும். தரைத்தளம் என்றால் ஓர் அடி உயர ஸ்டாண்டின் மேல் வையுங்கள். மழைக்காலத்தில் இது எவ்வளவு அவசியம் என்பதை உங்கள் பகுதியில் விளக்க வேண்டியதில்லை.

600 விஏ யுபிஎஸ் போதுமா? (மணலி)

600 விஏ என்பது ஏறத்தாழ 360 வாட். கேமைச் சேமித்துவிட்டு அணைப்பதற்கான சில நிமிடங்களுக்குப் போதும், தொடர்ந்து விளையாடப் போதாது.

எல்லாவற்றையும் இணைத்துவிட்டேன். விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பிராசசர் போய்விட்டதா? (கொளத்தூர், பள்ளி ஆசிரியர்)

பதற்றம் வேண்டாம், பிராசசர் அவ்வளவு எளிதில் போவதில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ராம் குச்சிகளைப் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4ஆம் இடங்களில் ‘டக்’ என்ற ஒலி வரும்வரை அழுத்துங்கள். போர்டின் மேல் மூலையில் பிராசசருக்கென்று உள்ள தனி 8 பின் இணைப்பைப் பாருங்கள்; என்னிடம் வருவனவற்றில் பாதி, அதைச் செருக மறந்தவைதான். பி450 போன்ற பழைய போர்டில் புதிய பிராசசர் போட்டிருந்தால் பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் தேவைப்படலாம், வாங்கிய கடையிலேயே பில்லைக் காட்டிச் செய்துகொள்ளுங்கள். உங்களுடையது டிடிஆர்5 வகை ராம் என்றால், முதல் தடவை இயக்கும்போது போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும்; அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும், பவர் பட்டனைத் தொடாதீர்கள்.