சிலை இருக்கட்டும், முதலில் அந்த அலமாரியைப் பாருங்கள்

கேள்வி: எனக்குக் கல்லூரியில் தமிழ் சொல்லித்தந்த பேராசிரியர் மூன்று மாதங்களுக்கு முன் காலமானார். ஓய்வு பெற்ற பிறகும், தேடி வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டிலேயே சங்கப் பாடல் நடத்தியவர். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பணம் திரட்டியிருக்கிறோம். மார்பளவுச் சிலை வைக்கலாம் என்கிறார்கள் பலர், நினைவு மலர் போடலாம் என்கிறார்கள் சிலர். வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டைக் காலி செய்து அம்மாவை அழைத்துப் போகப்போகிறார். ஐயாவின் புத்தகங்களும் கையெழுத்துத் தாள்களும் என்ன ஆகும் என்று தெரியவில்லை. நானும் இப்போது தமிழாசிரியைதான். அவர் நடத்திய பாடலை வகுப்பில் எடுக்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது. அவரை எப்படி நினைவுகூர்வது?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது புத்தகங்களைப் பற்றிய வரி. சிலையை அடுத்த வருடமும் வைக்கலாம். பழைய பேப்பர் கடை வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டால் அப்புறம் யாராலும் எதுவும் செய்ய முடியாது. அச்சான புத்தகத்துக்கு எங்கேயாவது இன்னொரு பிரதி கிடைக்கும். அதன் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதிய குறிப்பு, பாடபேதம் (பிரதிக்குப் பிரதி மாறும் சொற்கள்) பார்த்து எழுதிவைத்த துண்டுச் சீட்டு, பாதியில் நின்ற உரை, இவையெல்லாம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கின்றன.

எனவே இந்த வாரமே அம்மாவிடமும் மகனிடமும் பேசுங்கள். எல்லோரும் படையெடுத்துப் போக வேண்டாம். அவர்களுக்கு நன்கு பழக்கமான இரண்டு பேர் போனால் போதும். அனுமதி கிடைத்ததும் எதையும் நகர்த்துவதற்கு முன் அலமாரிகளைத் தட்டுத் தட்டாகப் படம் எடுங்கள். எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதே அவர் என்ன வேலையில் இருந்தார் என்று சொல்லும். புத்தகத்துக்குள் இருக்கும் சீட்டை உருவி எடுத்துத் தனியாக அடுக்கிவிடாதீர்கள். எந்தப் பக்கத்தில் இருந்ததோ அங்கேயே வைத்துப் படம் எடுங்கள். கைபேசிப் படம் போதும், வெளிச்சம் நன்றாக இருந்தால் சரி. அவர் பேச்சைப் பதிந்த ஒலிநாடா ஏதாவது இருந்தால் அதற்குத்தான் முதலிடம், நாடா சீக்கிரம் கெடும்.

இன்னொன்றையும் மகனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எழுதியவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் பதிப்புரிமை வாரிசுகளுடையது. மாணவர்கள் ஆசையாக அச்சிட்டாலும் இணையத்தில் ஏற்றினாலும் குடும்பத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். இதை முதலிலேயே பேசிவிட்டால் பிற்பாடு மனக்கசப்பு வராது. நூல்களை எங்கே கொடுப்பது என்றால், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பட்டியலோடு கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மிச்சத்தை, உண்மையிலேயே படிக்க ஆள் இருக்கும் நூலகமாகப் பார்த்துக் கொடுங்கள்.

நீங்கள் மயிலாடுதுறைக்காரர் என்பதால் உங்கள் ஊரில் நடந்ததையே சொல்கிறேன். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், இருந்தபோது, 1871-இல், பதினாறு வயதில் அவரிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தார் உ.வே.சாமிநாதையர். 1876 பிப்ரவரியில் பிள்ளையவர்கள் காலமாகிவிட்டார். கூடவே இருந்தது ஐந்து ஆண்டுகள்தான். ஆனால் அந்த ஆசிரியரின் வாழ்க்கையை உ.வே.சா. 1933, 1934-இல் இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு எண்பதை நெருங்கும் வயது. சீவக சிந்தாமணி முதல் எத்தனையோ நூல்களைப் பதிப்பித்து, ஊரெல்லாம் கொண்டாடிய பிறகும், ஆசிரியருக்குச் செய்ய வேண்டியது பாக்கி இருக்கிறது என்ற நினைப்பு அவருக்கு இருந்திருக்கிறது பாருங்கள்.

அந்த வாழ்க்கை வரலாற்றில் வெறும் புகழ்ச்சி இல்லை. பிள்ளையவர்கள் மனத்திலிருந்தே செய்யுளைச் சொல்லிக்கொண்டு போக, மாணவர் ஏட்டில் எழுதியது இருக்கிறது. ஏழை மாணவர்களுக்குச் சோறு போட்டுப் பாடம் சொன்னது இருக்கிறது. அவ்வளவு பெரிய வித்துவான் பணமுடையில் தவித்ததும் மறைக்கப்படவில்லை. அதனால்தான் இன்று படிக்கிற நமக்கும் அவர் எதிரே உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதராகத் தெரிகிறார்.

உங்கள் நினைவு மலருக்கும் இதையே சொல்வேன். ‘எளிமையின் சிகரம்’, ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ என்று நாற்பது கட்டுரை வந்தால், பெயரை மாற்றிவிட்டு வேறு எந்த ஆசிரியருக்கும் அதைப் போட்டுவிடலாம். ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பாடலை ஐயா எப்படிப் பிரித்தார், எந்தச் சொல்லில் நின்றார், எந்த உரையாசிரியரோடு ஒத்துப்போகவில்லை, யாரை எதற்குத் திட்டினார் என்று எழுதட்டும். பழைய வகுப்பு நோட்டுகள் யாரிடமாவது பரணில் கிடக்கும், தேடச் சொல்லுங்கள். இரண்டு பேர் நினைவில் ஒரே பாடம் வேறு வேறாக இருந்தால் இரண்டையும் போடுங்கள். இப்படித் தொகுத்தால் அது அடுத்து வருகிற மாணவருக்கும் பயன்படும் ஓர் உரைநூலாகிவிடும். அவசரமில்லை, ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும்.

வகுப்பில் தொண்டை அடைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அடைத்தால் அடைக்கட்டும் அம்மா. ஒரு நிமிடம் நின்றுவிட்டு, ‘இந்த விளக்கம் எனக்கு என் ஆசிரியர் சொன்னது’ என்று அவர் பெயரைச் சொல்லுங்கள். டீச்சருக்கும் ஒரு வாத்தியார் இருந்தார், இன்றும் டீச்சர் அவரை நினைக்கிறார் என்று பிள்ளைகள் பார்ப்பது நல்லதுதான். அவர்கள் கேட்டால் அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்.

திரட்டிய பணத்தில் கை வைப்பதற்கு முன், அம்மாவுக்கு மருத்துவச் செலவோ வேறு தேவையோ இருக்கிறதா என்று மகனிடம் தனியாக, நாசூக்காகக் கேளுங்கள். பிறகு நூல்களையும் தாள்களையும் காப்பாற்றும் செலவு, அதன்பின் அந்தத் தொகுப்பு. சிலை வேண்டும் என்கிறவர்கள் மனமும் அன்பான மனம்தான், அவர்களோடு சண்டை வேண்டாம். சிற்பிக்கு முன்பணம் கொடுக்கவில்லை என்றால் அதை மட்டும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். மகன் எந்தத் தேதியில் கிளம்புகிறார் என்று இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.