நிறுத்தவும் தெரிய வேண்டும்

அன்புள்ள அண்ணாச்சி,

பாளையங்கோட்டையில் காற்றாலைப் பராமரிப்பும் சோலார் வேலையும் பார்க்கிற ஒரு நிறுவனத்தில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். எங்கள் முதலாளிக்குப் புதுமையில் ரொம்ப ஆர்வம். டிரோனை வைத்து இறக்கை சோதனை, மொபைல் ஆப், பேட்டரி என்று மாதம் ஒன்று தொடங்குகிறார். ஆட்கள் மட்டும் அதே ஆட்கள். பணகுடியில் டவர் மேல் நிற்கிற பையனை ஆப் மீட்டிங்குக்குப் போனில் கூப்பிடுகிறார்கள், கேட்டால் 'நாம ஃப்ளெக்ஸிபிளா இருக்கணும்' என்கிறார். எல்லாமே பாதியில் நிற்கிறது. புதுமை கூடினால் நிறுவனம் வளரும் என்கிறார்களே, எங்களுக்கு ஏன் நடக்கவில்லை? இதை அவரிடம் எப்படிச் சொல்ல?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் முதலாளியின் ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன், அது இல்லாத கம்பெனி தானாகவே தேய்ந்து போகும். ஆனால் ஒரே ஆளை நாலு வேலையில் போடுவதற்குப் பெயர் நெகிழ்வு இல்லை. ஒரு ப்ராஜெக்ட் தேறாது என்று தெரிந்ததும் அதை நிறுத்தி, அதிலிருந்த ஆளையும் பணத்தையும் தேறக்கூடிய இன்னொன்றுக்கு முழுசாக மாற்ற முடிகிறதா, அதுதான் நெகிழ்வு. அது இல்லாத இடத்தில் ஒவ்வொரு புது யோசனையும் ஏற்கெனவே நடக்கிற வேலைகளின் பங்கைத்தான் பிடுங்கித் தின்னும். பாபநாசம் அணையில் தண்ணீர் குறைந்த வருஷம் கார் நெல் சாகுபடிக்குத் திறக்காமல் அடுத்து வரும் பிசான சாகுபடிக்கு வைத்துக்கொள்வது நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே, இரண்டுக்கும் அரைகுறையாக விட்டால் இரண்டுமே பொய்க்கும்.

இன்டெல் கதையைப் பாருங்கள். 1985-இல் அவர்கள் மெமரி சிப் தொழிலை விட்டு வெளியேற முடிவெடுத்தார்கள், அந்தக் கம்பெனியே மெமரியில்தான் வளர்ந்தது. ஆனால் மேலே முடிவு வருவதற்கு முன்பே ஆலைக்குள் பெரும்பகுதி மாற்றம் நடந்துவிட்டது. காரணம், ஒரு வேஃபருக்கு, அதாவது சிப்புகளைச் செய்தெடுக்கிற சிலிக்கன் தகட்டுக்கு, எந்தச் சரக்கு அதிக லாபம் தருகிறதோ அதற்கே உற்பத்தியில் முதலிடம் என்று அவர்களிடம் ஒரு விதி இருந்தது. ஜப்பான்காரர்கள் மெமரி விலையை அடித்து இறக்க இறக்க, நடுமட்ட மேலாளர்கள் அந்த விதிப்படியே ஆலையை, கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரியான மைக்ரோபிராசஸர் சிப் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தார்கள், யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. மைக்ரோபிராசஸர் 1971-லேயே வந்துவிட்ட புதுமை, அதற்கு இடம் கிடைத்தது இப்படித்தான்.

உங்களுக்கும் அப்படி ஒரு விதி வேண்டும், அதைக் காற்றே எழுதித் தருகிறது. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை, தென்மேற்குக் காற்று அடிக்கிற சீசனில், ஒரு மெஷின் நின்றால் நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம், அப்போது டவர் ஏறத் தெரிந்தவனை எந்தப் புது வேலைக்கும் தொடக்கூடாது. காற்று இறங்கிய பிறகு டிரோனா பேட்டரியா என்று ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, அதற்கென்றே இரண்டு பேரை விட்டு, அடுத்த சீசனுக்குள் இன்ன பலனைக் காட்டாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று தொடங்கும்போதே எழுதி வையுங்கள். நிறுத்தினால் அந்தப் பையன்களின் இன்கிரிமென்டில் கை வைக்கக்கூடாது, இது ரொம்ப முக்கியம். கை வைத்தால் செத்த ப்ராஜெக்டைக்கூட எவனும் செத்தது என்று சொல்ல மாட்டான்.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டீர்கள். தத்துவம் எல்லாம் வேண்டாம். எந்த இன்ஜினியர் எந்தெந்த வேலையில் இருக்கிறார், போன சீசனில் ஆள் வராமல் எந்த மெஷின் எத்தனை மணி நேரம் நின்றது, இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதி அவர் மேஜையில் வையுங்கள், வைத்துவிட்டு எதை நிறுத்தலாம் என்று அவரையே கேளுங்கள்.