டிக்கியில் சைக்கிள் ரேக்: வாங்கும் முன் கொக்கி பிடிக்கும் இடத்தைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 2018 மாடல் டிசையர் இருக்கிறது. நானும் 12 வயது மகளும் தாம்பரத்திலிருந்து ஏலகிரிக்கு சைக்கிள்களோடு போக ஆசைப்படுகிறோம். என்னுடையது 700சி என்கிற பெரிய அளவு டயர் போட்ட ஹைபிரிட் (ரோடு சைக்கிளும் மலை சைக்கிளும் கலந்த வகை). அவளுடையது 24 இன்ச் லேடீஸ் சைக்கிள். டிக்கியில் பட்டை போட்டு மாட்டும் ரேக் போதுமா? டிக்கி மூடி வளைந்துவிடும், பெயின்ட் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். எதை வாங்குவது, எப்படி மாட்டுவது?

பதில்: போதும். இரண்டு சைக்கிள், ஒரு செடான் கார், எப்போதாவது ஒரு பயணம் என்றால் டிக்கி ரேக்தான் செலவு குறைந்த வழி. (நீங்கள் மட்டும் தனியாகப் போகிற நாளில் அதுகூட வேண்டாம். இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பழைய பெட்ஷீட் விரித்துப் பின்சீட்டில் படுக்க வைத்துவிடலாம்.) ஆனால் ரேக்கைத் தேடுவதற்கு முன் உங்கள் காரின் டிக்கியை உட்கார்ந்து பாருங்கள். வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், எத்தனை ஸ்டார் என்று பார்க்கிறார்கள். கொக்கி எங்கே பிடிக்கப்போகிறது என்பதைப் பார்ப்பதில்லை. வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் வருகின்றன.

இந்த ரேக்கில் வழக்கமாக ஆறு பட்டைகள் இருக்கும். மேலே இரண்டு, கீழே இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றின் நுனியிலும் ரப்பர் பூசிய ஒரு கொக்கி. அது டிக்கி மூடியின் விளிம்பில் மாட்டும். சைக்கிள்கள் காரை விட்டு வெளியே தள்ளித் தொங்குவதால் ரேக் பின்பக்கமாகச் சாயப் பார்க்கும். அதை இழுத்துப் பிடிப்பவை மேல் பட்டைகள் இரண்டும்தான். கீழ்ப் பட்டைகள் ரேக் துள்ளாமல் பார்த்துக்கொள்கின்றன, பக்கப் பட்டைகள் ஆடாமல் பார்த்துக்கொள்கின்றன. எனவே மேல் கொக்கிகள் பிடிக்கும் இடம் கண்டிப்பாக இரும்புத் தகடாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்பாய்லரிலோ கண்ணாடி விளிம்பிலோ விளக்கின் மேலோ மாட்டவே கூடாது. டிக்கியைத் திறந்து, மூடியின் மேல் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். தகடு உள்பக்கமாக மடிந்து, தடிமனாகத் தட்டுப்பட்டால் சரி. மூடிய பிறகு கொக்கி நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறதா, உள்ளே ஓடும் ரப்பர் பீடிங் நசுங்காமல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். செடான் கார்களில் இது பெரும்பாலும் சுலபம். ஹேட்ச்பேக்கில்தான் ஸ்பாய்லர் குறுக்கே வந்து நிற்கும். சில புதிய கார்களில் பின்கதவே பிளாஸ்டிக்காக இருக்கிறது. பட்டன் அழுத்தினால் தானாகத் திறக்கும் பின்கதவு என்றால், கார் கம்பெனியின் கையேட்டைப் படிக்காமல் ரேக் மாட்டாதீர்கள்.

மூடி வளையுமா என்ற பயத்துக்கு வருகிறேன். ரேக்கின் கால்கள் காரில் எங்கே ஊன்றுகின்றன என்பதைப் பொறுத்தது அது. கால் வைக்கப்போகும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். தகடு 'டப்' என்று உள்வாங்கினால் அந்த இடம் வேண்டாம். மூடியின் நடுப்பகுதியை விட ஓரம் கெட்டி, ஏனென்றால் அங்கே தகடு மடிக்கப்பட்டிருக்கும். கீழ்க் கால்கள் பம்பரில் ஊன்றினால் இன்னும் நல்லது. பெயின்ட் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ரேக் அல்ல, அதற்கு அடியில் மாட்டிக்கொள்ளும் மண். கால் வைக்கும் இடத்தையும் ரப்பர் பாதத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். அடிக்கடி போவதாக இருந்தால் அந்த இடங்களில் மட்டும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாம்.

அடுத்தது எடை. குளியலறைத் தராசில் முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள், பிறகு சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம்தான் சைக்கிளின் எடை. அலுமினிய ஹைபிரிட் 12 முதல் 14 கிலோ இருக்கும். இரும்பு ஃபிரேம் போட்ட கியர் சைக்கிள் 17 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. பல டிக்கி ரேக்குகளில் ஒரு சைக்கிளுக்கு 15, 16 கிலோதான் வரம்பு. இந்த வரம்பு கம்பியின் பலத்தை மட்டும் பார்த்துப் போட்டதல்ல. கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பட்டை தாங்கும் இழுப்பு நின்ற இடத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. அதனால் மூன்று சைக்கிள் ரேக்கை வாங்காதீர்கள் என்பேன். மூன்றாவது சைக்கிள் காரிலிருந்து இன்னும் தள்ளித் தொங்கும், அதே எடை மேல் பட்டையை இன்னும் பலமாக இழுக்கும். உங்களுக்கு இரண்டு போதும்.

எந்த ரேக்? தூலே, சாரிஸ் போன்ற கம்பெனிகள் எந்த ரேக் எந்தக் காருக்குப் பொருந்தும் என்று பட்டியல் தருகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்கும் கார்களுக்கானவை. டிசையருக்கு உங்கள் கையும் கண்ணும்தான் பட்டியல். கடையில் வண்டியை நிறுத்தி மாட்டிப் பார்க்க விடுகிறவரிடம் வாங்குங்கள், நூறு ரூபாய் அதிகமானாலும் பரவாயில்லை. சாரிஸ் போன்ஸ் மாதிரி வில்லாக வளைந்த கால்கள் கொண்ட ரேக் சைக்கிள்களை உயரத்தில் வைக்கும், ஸ்பாய்லரையும் தாண்டும். உங்களுக்கு ஸ்பாய்லர் பிரச்சினை இல்லாவிட்டாலும் அந்த உயரம் உதவும். ஏன் என்று கீழே சொல்கிறேன். பட்டையின் பக்கிளை மட்டும் கையில் எடுத்துச் சோதியுங்கள். பட்டையை இழுத்துப் பூட்டிய பிறகு பலமாக இழுத்தால் ஒரு மில்லிமீட்டர்கூட நழுவக் கூடாது.

மகளின் லேடீஸ் சைக்கிளுக்கு ஒரு துணைச் சாமான் தேவைப்படும். ரேக்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் சைக்கிளின் பாரை, அதாவது சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே ஓடும் மேல் கம்பியைத்தான் தாங்கும். அவள் சைக்கிளில் பார் கீழே சரிந்திருப்பதால் சைக்கிள் கோணலாகத் தொங்கும், சக்கரம் ரோட்டை நோக்கி இறங்கும். சீட் தண்டிலிருந்து ஹேண்டில் தண்டுக்குக் குறுக்கே பூட்டும் பார் அடாப்டர் தனியாகவே விற்கிறார்கள். ரேக்கோடு சேர்த்து வாங்கிவிடுங்கள். கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பாரை நெரித்துப் பிடிக்கும் இந்த வகை ரேக் உங்களுக்கானதல்ல.

இப்போது அகலம். டிசையரின் அகலம் 1,735 மில்லிமீட்டர். 700சி ஹைபிரிடின் நீளம் கிட்டத்தட்ட 1,750. அதாவது சைக்கிள் காரின் அகலத்தை அப்படியே நிரப்பிவிடும், கொஞ்சம் நகர்ந்தால் ஒரு பக்கம் சக்கரம் நீட்டிக்கொண்டிருக்கும். 29 இன்ச் எம்டிபி (மலை சைக்கிள்) இன்னும் நீளம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 194(1ஏ) பிரிவின்படி, சுமை வண்டியின் பக்கவாட்டுக்கு வெளியே நீட்டினால் அபராதம் 20,000 ரூபாய். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், உங்களை ஒட்டி முந்தும் டூவீலர்காரரின் முழங்கை உயரத்தில்தான் அந்தச் சக்கரம் இருக்கும். உங்கள் ஹைபிரிடின் முன்சக்கரத்தைக் கழற்றி டிக்கிக்குள் போட்டுவிடுங்கள். ஒரு நிமிட வேலை, நீளம் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல் குறையும்.

நம்பர் பிளேட்டும் பின்விளக்குகளும் மறையக் கூடாது. உயரமான ரேக் உதவும் என்றது இதற்காகத்தான். சைக்கிள்களை ஏற்றிய பிறகு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி, இருபதடி பின்னால் போய் நின்று பாருங்கள். பிரேக் லைட், இண்டிகேட்டர், நம்பர் எல்லாம் தெரிய வேண்டும். பெடலும் செயின் வீலும் சரியாக நம்பர் பிளேட்டுக்கு நேரே வந்து நிற்பது வழக்கம். ரேக்கை ஒரு சாண் மேலே ஏற்றினால் சரியாகிவிடும்.

மாட்டும்போது மேல் பட்டைகளை முதலில் இழுத்து ரேக்கின் உயரத்தை முடிவு செய்யுங்கள். கைகள் தரைக்குச் சமமாக இல்லாமல் கொஞ்சம் மேல்நோக்கி இருக்கட்டும். பிறகு கீழ்ப் பட்டைகள், கடைசியில் பக்கப் பட்டைகள். கீழ்ப் பட்டையை இறுக்கியதும் மேல் பட்டை தளர்ந்திருக்கும், அதை மறுபடி இழுங்கள். மீதமிருக்கும் வாலைப் பக்கிளுக்குப் பின்னால் ஒரு முடிச்சுப் போட்டு, சுருட்டிக் கட்டிவிடுங்கள். காற்றில் படபடக்கும் பட்டை நுனி இருநூறு கிலோமீட்டரில் பெயின்டைத் தேய்த்துவிடும். முடிந்ததும் ரேக்கைப் பிடித்து நன்றாக உலுக்குங்கள். ரேக்கோடு சேர்ந்து காரும் ஆடினால் சரி. ரேக் மட்டும் ஆடினால் இன்னும் இறுகவில்லை.

கனமான சைக்கிள் காரை ஒட்டி, லேசானது வெளியே. காரை ஒட்டிய சைக்கிளின் செயின் பக்கம் காரைப் பார்க்க வேண்டாம். இரண்டையும் எதிரெதிர்த் திசையில் மாட்டினால் ஹேண்டில்கள் மோதிக்கொள்ளாது. ஃபிரேமும் ஃபிரேமும் உரசும் இடத்தில் ஏசி பைப்புக்குச் சுற்றுகிற ஃபோம் குழாயை வெட்டிச் செருகுங்கள். சுழலும் சக்கரத்தைப் பழைய சைக்கிள் டியூபால் ரேக்கோடு கட்டுங்கள். நைலான் கயிற்றைவிட டியூப் நன்றாகப் பிடிக்கும். தண்ணீர் பாட்டில், பம்ப், லைட் எல்லாம் உள்ளே. டயர் சைலன்சர் வாய்க்கு நேரே வந்தால் மாற்றி மாட்டுங்கள், அந்தச் சூட்டில் டயர் உருகும். மழை வருமென்று தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், பாய்மரம் போல் காற்றைப் பிடித்து மொத்த ரேக்கையும் இழுக்கும். சீட்டுக்கு மட்டும் ஒரு கவர் போதும்.

கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு தடவை நிறுத்தி எல்லாப் பட்டைகளையும் இழுத்துப் பாருங்கள். முதல் தளர்வு அதற்குள் வந்துவிடும். நைலான் பட்டை மழையில் நனைந்தாலும் கொஞ்சம் நீளும், அப்போதும் நிறுத்திப் பாருங்கள். நெடுஞ்சாலையில் 80-க்கு மேல் வேண்டாம். வேகத்தடையை முதல் கியரில் ஏறி இறங்குங்கள். வாணியம்பாடி தாண்டி ஏலகிரி ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவுகள் வரும், அங்கேதான் பக்கப் பட்டைகளுக்கு வேலை. ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் அவற்றை ஒரு தடவை இறுக்குங்கள். ரிவர்ஸ் சென்சார் விடாமல் கத்தும், கேமராவில் சக்கரம்தான் தெரியும். மகளை இறங்கிப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். சைக்கிள் மாட்டியிருக்கும்வரை டிக்கி திறக்காது என்பதால் வழியில் வேண்டிய தண்ணீரும் சாப்பாடும் உள்சீட்டில் இருக்கட்டும். சாப்பிட நிறுத்தினால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வண்டியை விடுங்கள், பட்டையை ஒரு கத்தி போதும் அறுப்பதற்கு.

ஊர் போய்ச் சேர்ந்ததும் ரேக்கைக் கழற்றி உள்ளே வையுங்கள். காரிலேயே மாட்டி விட்டால் வெயில் பட்டைகளைத் தின்றுவிடும். நிறம் வெளுத்து, ஓரம் நூல் பிரிந்து, தொட்டால் மொரமொரவென்றிருக்கும் பட்டையை மறு யோசனை இல்லாமல் மாற்றிவிடுங்கள்.