எங்கள் மென்பொருள் குழுவை அஜைல் முறைக்கு மாற்றச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

அஜைல் என்பது மென்பொருளைச் சிறுசிறு பகுதிகளாக அடிக்கடி வெளியிட்டு, பயன்படுத்துபவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் முறை. உங்கள் மேலாளர் ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருக்கிறார், சுவரில் வண்ணத் தாள்கள் ஏறிவிட்டன, நாள்தோறும் காலையில் எல்லோரும் நின்றுகொண்டு நேற்றைய வேலையை ஒப்பிக்கிறீர்கள், மென்பொருள் மட்டும் பழையபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வெளியாகிறது என்று ஊகிக்கிறேன். கூட்டங்கள் நடக்கிறபடி நடக்கட்டும். நீங்கள் தானியங்கிச் சோதனைகளிலிருந்து, அதாவது உங்கள் நிரல் சரியான விடை தருகிறதா என்று தாமாகவே ஓடிப் பார்க்கும் சிறு நிரல்களிலிருந்து, தொடங்குங்கள்.

நான் கோலாலம்பூரில், கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். 2018 பொதுத் தேர்தலில் ஆட்சி மாறிய ஒரு வாரத்திலேயே, மே 16 அன்று, 6 விழுக்காடாக இருந்த பொருள் சேவை வரி ஜூன் 1 முதல் சுழியமாகும் என்று நிதியமைச்சு அறிவித்தது. வரியே ஒழிந்தது என்று கடைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். உண்மையில் சட்டம் அப்போது நீக்கப்படவில்லை. விகிதம்தான் 0 ஆனதே தவிர, வரி விலைப்பட்டியலும் கணக்குத் தாக்கலும் தொடர்ந்தன. மே மாதத்தில் வரியோடு வாங்கிய சேலையை ஜூனில் ஒருவர் திருப்பிக் கொடுத்தால், பழைய 6 விழுக்காட்டையும் சேர்த்தே அவருக்குத் திருப்பித் தர வேண்டும். இதனுடன் ரொக்கத்தை 5 சென்னுக்குச் சரிசெய்யும் கணக்கு வேறு: 10.62 வெள்ளி (ரிங்கிட்) 10.60 ஆகும், 10.63 வெள்ளி 10.65 ஆகும்.

எங்கள் குழுவின் மூத்த நிரலாளரை அக்கா என்றுதான் அழைப்போம். "டெஸ்ட் இல்லாம இந்தக் கோட்ல நான் கை வைக்க மாட்டேன், தம்பி" என்று பிடிவாதம் பிடித்து, அதற்கு முன்பே பில் கணக்கு முழுவதற்கும் சோதனைகள் எழுத வைத்திருந்தார். நிரலெங்கும் சிதறிக் கிடந்த 0.06 என்ற எண்ணைத் துடைத்தெடுத்து, எந்தத் தேதியில் எந்த விகிதம் என்று ஓர் அட்டவணையில் சேர்க்கவும் வைத்தார். அதனால் அறிவிப்பு வந்ததும் மே 31 விற்பனை, ஜூன் 1 விற்பனை, ஜூனில் திரும்பிவரும் மே மாதச் சரக்கு ஆகிய மூன்றுக்கும் முதலில் சோதனைகளை எழுதி, அவை தோற்பதைப் பார்த்துவிட்டு, பிறகு நிரலை மாற்றினோம். புதிய பதிப்பை ஓரிரு கடைகளுக்கு மட்டும் முதலில் அனுப்பி, அவர்கள் சொன்ன குறைகளைத் திருத்திய பின்னரே மற்றவர்களுக்குக் கொடுத்தோம். ஜூன் முதல் நாள் அமைதியாகக் கழிந்தது.

எல்லா அஜைல் சடங்குகளையும் நேரம் தவறாமல் நடத்திவந்த பக்கத்துக் குழுவோ, சோதனையைக் கையால் செய்துகொண்டிருந்ததால், நோன்புப் பெருநாள் வரை கடைக்காரர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பிற்பாடு, பொருள் சேவை வரிக்குப் பதிலாக வந்த வரிகளில் ஒன்றான சேவை வரி 2024 மார்ச்சில் 6-இலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்து, உணவு, பானம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் 6 என்றே நின்றபோதும், எங்களுக்கு அது அட்டவணையில் சில வரிகள் சேர்க்கும் வேலையாகவே இருந்தது.

தினசரிக் கூட்டம் போன்றவற்றை வகுத்துத் தரும் அஜைல் வழிமுறையான ஸ்க்ரமின் பயிற்றுநர்கள் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம். நான் ஸ்க்ரமுக்கு எதிரி அல்லன். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் கூடி அஜைல் அறிக்கையை எழுதிய 17 பேரில் கென்ட் பெக்கும் ஒருவர். சோதனையை முதலில் எழுதுவது, இருவராக அமர்ந்து நிரல் எழுதுவது, அவ்வப்போதே நிரலை ஒன்றிணைப்பது ஆகியவற்றை எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற பெயரில் அதற்கு முன்பே வலியுறுத்தியவர் அவர். ஸ்க்ரம் வழிகாட்டியும்கூட, 15 நிமிடத் தினசரிக் கூட்டம் நிரலாளர்கள் தங்களுக்குள் வேலையைத் திட்டமிடுவதற்கு என்றுதான் சொல்கிறது. அதை வருகைப் பதிவேடாக மாற்றியது நம் ஊர் மேலாளர்களின் கைங்கரியம்.

எனக்கு இன்னும் ஆறாத ஒன்று உண்டு. ஒரு வேலை எவ்வளவு பெரியது என்று குழுவே ஊகித்துத் தரும் எண்களான ஸ்டோரி பாயிண்டுகளை எங்கள் அலுவலகத்தில் ஊழியர்களின் ஆண்டு மதிப்பீட்டில் சேர்த்தார்கள். உடனே நேற்று வரை 3 பாயிண்டாக இருந்த வேலை 8 ஆனது. சோதனை எழுதுவதற்குப் பாயிண்ட் கிடையாது என்பதால் அக்காவின் கணக்கு எப்போதும் குறைவாகவே இருந்தது. இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கி வந்தவருக்குக் கிடைத்த போனஸ் அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே அடிக்கடி உடையும் ஒரு பகுதியை எடுத்து, அதற்கு மட்டும் சோதனைகள் எழுதி, ஒவ்வொரு முறை நிரலைச் சேர்க்கும்போதும் அவை தாமாக ஓடும்படி செய்யுங்கள். மேலாளரிடம் கூட்டங்களைப் பற்றி வாதிட வேண்டாம். பாயிண்டுகள் சம்பள உயர்வுக்குக் கணக்கில் எடுக்கப்படாது என்பதை மட்டும் மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.