பழைய பிக்கப்பில் கிளட்ச் கோளாறு: கேள்வி பதில்

பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர், அந்த அழுத்தத்தில் கியர்பாக்ஸ் பக்கம் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் என்று இரண்டு சிலிண்டர் உள்ள ஹைட்ராலிக் கிளட்ச் வண்டிகளுக்கான பதில்கள் இவை. கேபிள் கிளட்ச் வைத்திருப்பவர்கள் பிளேட், பேரிங் பற்றியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, காலையில் ரிவர்ஸ் கியர் கரகரவென்று சத்தம் போட்டு விழ மறுக்கிறது. பெடலை நாலு தடவை மிதித்தால் விழுகிறது. கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் செட் மாற்றணும் என்கிறார் மெக்கானிக்.

பதில்: இறக்க வேண்டாம். மிதிக்க மிதிக்கச் சரியாகிறது என்றால் கோளாறு ஆயில் லைனில். பிளேட்டுக்கு மிதி எண்ணத் தெரியாது.

பெடலுக்கு மேலே, மாஸ்டரின் புஷ்ராட் (பிஸ்டனைத் தள்ளும் கம்பி) நுழையும் இடத்தில் விரலை வைத்துத் தடவுங்கள். ஈரம் இருந்தால் மாஸ்டர். அடுத்து வண்டிக்கு அடியில் போய் ஸ்லேவின் ரப்பர் பூட்டை நீக்கிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ஸ்லேவ். இரண்டும் காய்ந்திருந்தால், சமதரையில் எஞ்சின் ஓட, முதல் கியரில் பெடலை அழுத்தியபடியே வைத்திருங்கள். முன்னால் ஆள் நிற்கக்கூடாது. கொஞ்ச நேரத்தில் வண்டி தானாக நகரப் பார்த்தால், மாஸ்டருக்குள் ரப்பர் கப் தேய்ந்து ஆயில் பின்னுக்கு வழிகிறது. வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது.

நகரவில்லை, பெடல் மட்டும் பஞ்சு மாதிரி இருக்கிறது என்றால் லைனுக்குள் ஏர். எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஸ்லேவில் ஏர் எடுக்கத் திறக்கும் திருகான நிப்பிளில் தெளிவான டியூபை மாட்டி, மறுமுனையைப் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்குங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். மாஸ்டருக்கு ஆயில் தரும் டப்பாவில் ஆயில் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள், தீர்ந்தால் முதலிலிருந்து ஆரம்பம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒருவர் மிதிக்க ஸ்லேவின் புஷ்ராட் எவ்வளவு நகர்கிறது என்றும் பாருங்கள். முழுதாக நகர்ந்து அங்கேயே நின்றும் கியர் உறுமினால்தான் உள்ளே பார்க்க வேண்டும்.

கேள்வி: சார், காலையில் நன்றாக இழுக்கிறது. ஒரு மணி நேரம் ஓடினால் ஸ்லிப் ஆகிறது, எஞ்சின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. ஆறிய பிறகு மறுபடி சரி. போன மாதம்தான் மாஸ்டர் மாற்றினேன்.

பதில்: மாஸ்டர் மாற்றினேன் என்று சொன்னது நல்லதாகப் போயிற்று. தேய்ந்த பிளேட் காலையிலும் நழுவத்தான் பார்க்கும்.

பெடல் முழுதாக மேலே இருக்கும்போது புஷ்ராட்டுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். அப்போதுதான் மாஸ்டருக்குள் இருக்கும் சின்னத் துளை திறந்து, சூட்டில் விரியும் ஆயில் டப்பாவுக்குத் திரும்பும். புது மாஸ்டர் மாட்டும்போது ராடை நீளமாக வைத்துவிட்டால் துளை மூடியே கிடக்கும். எஞ்சின் சூட்டில் ஆயில் விரியும், போக வழியில்லாமல் ஸ்லேவைத் தள்ளும். யாரும் மிதிக்காமலே கிளட்ச் பாதி மிதித்த நிலைக்கு வந்துவிடும்.

ஸ்லிப் ஆகும் நேரத்தில் ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்தி, நிப்பிளை அரைச் சுற்று திறந்து மூடுங்கள். ஆயில் பீய்ச்சியடித்து, உடனே வண்டி நன்றாக இழுத்தால் சந்தேகமே இல்லை. லாக் நட்டைத் தளர்த்தி ராடின் நீளத்தைக் குறையுங்கள். அப்படியும் தொடர்ந்தால் ஸ்லேவுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பொலேரோ பிக்கப். கிளட்ச் பக்கம் சத்தம். மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்தானே?

பதில்: எப்போது சத்தம் என்று எழுதவில்லையே. நியூட்ரலில் கால் எடுத்திருக்கும்போது கேட்டு, மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். லேசாக மிதித்ததும் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். முழுதாக மிதித்து கியர் போட்ட பிறகு மட்டும் கேட்டால் எஞ்சினோடு சுற்றும் கனச் சக்கரமான ஃப்ளைவீல் நடுவில் உள்ள பைலட் பேரிங்.

பெடல் மேல் கால் வைத்தபடி ஓட்டுபவர்கள் எந்தப் பேரிங்கும் நிலைக்கவில்லை என்று புலம்பக்கூடாது. அது கால் வைக்கும் பலகை இல்லை.

கேள்வி: பிரேக் ஆயில் கிடைக்கவில்லை, கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊற்றினேன். பெடல் மேலே வரவில்லை.

பதில்: எஞ்சின் ஆயில் மாதிரி மினரல் ஆயில் பட்டால் சிலிண்டர் ரப்பர் ஊதிவிடும். இரண்டு சிலிண்டரின் ரப்பர்களும் ஹோஸும் போயின. லைனை புது பிரேக் ஆயில் விட்டுக் கழுவி, எல்லாம் மாற்றுங்கள். கப்பைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவினாலும் இதே கதி. டாட் 3, டாட் 4 என்று எழுதிய பிரேக் ஆயில் தவிர எதுவும் டப்பாவில் போகக்கூடாது.

கேள்வி: மூன்றாம் கியர் தானாக நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது.

பதில்: அது கிளட்ச் இல்லை. கியர்பாக்ஸ் வேலை தெரிந்தவரிடம் போங்கள்.

கேள்வி: ரிவர்ஸ் விழவில்லை, இரண்டு மூன்று தடவை மிதிக்கணும், என்ன பண்ணலாம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: டாடா 207. பிளேட் தேய்ந்துவிட்டது. புது செட் எதற்கு? பழைய பிளேட்டுக்கே லைனிங் (உராயும் பட்டை) அடித்தால் பாதிக் காசு மிச்சம்.

பதில்: லைனிங் மட்டுமா தேய்கிறது? நடு ஹப்பின் பல், குலுக்கலை வாங்கும் டார்ஷன் ஸ்பிரிங், லைனிங்குக்கு அடியில் வளைந்திருக்கும் மெல்லிய தகடுகள் எல்லாம் அதே கிலோமீட்டர் ஓடியவைதான். தகடு தட்டையாகிவிட்டால் முதல் கியரில் வண்டி குலுங்கியே கிளம்பும்.

அவரே மீண்டும்: எங்கள் ஊர் லோடு வண்டி பாதி அப்படித்தான் ஓடுகிறது. கம்பெனிக்காரர் மாதிரிப் பேசாதீர்கள்.

பதில்: ஓடட்டும். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி இரண்டாம் தடவையும் உங்கள் பையிலிருந்துதான் போகும், கம்பெனிக்காரர் தரமாட்டார்.

இன்னொருவர்: நானும் லைனிங் அடித்துத்தான் ஓட்டுகிறேன். ஸ்லிப் இல்லை, ஆனால் கியர் மட்டும் இறுக்கமாக விழுகிறது.

பதில்: பாருங்கள், சாட்சியே வந்துவிட்டது. லைனிங் தடிமன் கூடினால் மிதித்தாலும் பிளேட் முழுதாக விடுபடாது. புதுப் பிளேட்டோடு வைத்துக் கேலிப்பரில் அளந்து பாருங்கள்.

207 காரர்: சரி, கையில் காசு இல்லாதவன் என்ன செய்வது?

பதில்: நியாயமான கேள்வி. ஹப்பை ஷாஃப்டில் மாட்டி ஆட்டுங்கள், சுற்றுவாக்கில் ஆட்டம் தெரியக்கூடாது. ஸ்பிரிங் எதுவும் கையால் உருட்ட வரக்கூடாது. இரண்டும் தேறினால், தடிமன் சரியாக அடித்துத் தருபவரிடம் லைனிங் அடியுங்கள். ரிலீஸ் பேரிங்கை மட்டும் பழையது போடாதீர்கள். பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டில் நீலம் பாய்ந்திருந்தால், விரிசல் இருந்தால் மாற்றுங்கள். ஃப்ளைவீல் முகத்தில் ஆயில் இருந்தால் முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: கருப்பாக இருந்தால் எஞ்சின் பின் சீல், கந்தக வாடை அடித்தால் கியர்பாக்ஸ் முன் சீல். சீலை விட்டுவிட்டு எந்த பிளேட் போட்டாலும் நனைந்துவிடும்.

மாட்டும்போது பிளேட்டின் எந்தப் பக்கம் ஃப்ளைவீலுக்கு என்று பார்த்து, பிளேட்டை நடுவில் நிறுத்தும் சென்டர் ராட் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஸ்ப்லைனில் (ஹப் ஏறும் ஷாஃப்டின் பற்களில்) கிரீஸ் ஒரு பூச்சு போதும், அதிகமானால் தெறித்து லைனிங்கில் ஏறும். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை பிளேட் மேல் தொங்கக்கூடாது, ஹப் வளைந்துவிடும். ஜாக் இல்லாமல் தோளில் தாங்கி ஏற்றுகிற பட்டறை என்றால் வேறு பட்டறை பாருங்கள்.