பூங்காவில் பிள்ளைகள் கலைந்து ஓடுவது பற்றி

வணக்கம் ஆசிரியரே. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் 36 பேரைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றதாகவும், மரங்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கிய பத்தே நிமிடத்தில் அவர்கள் கலைந்து ஓடிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மனம் தளராதீர்கள். பூங்கா அவர்களுக்கு மிகப் பெரியது. அதைச் சுருக்கிக் கொடுங்கள்.

இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று மீட்டர் கயிறு கொடுங்கள். தரையில் வட்டமாகப் போட்டால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் வரும். இருபது நிமிடம் அதற்குள் மட்டும் பார்க்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் வரைந்தால் போதும். கால்களை எண்ணச் சொல்லுங்கள். ஆறு என்றால் பெரும்பாலும் பூச்சி, எட்டு என்றால் சிலந்தி இனம். மட்கும் இலையைப் புரட்டினால் வெள்ளை நூல் போலப் பூஞ்சை படர்ந்திருப்பதையும் காணலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது எறும்புச் சாரைதான். சாரையின் குறுக்கே விரலால் ஒருமுறை அழுத்தித் தேய்த்துவிட்டுக் குனிந்து பாருங்கள். முன்னால் வரும் எறும்பு சட்டென்று நின்று, உணர்கொம்புகளை ஆட்டியபடி அங்குமிங்கும் தடவித் தேடும். அவை தரையில் இட்டுச் செல்லும் வாசனைத் தடம் அந்த இடத்தில் அறுந்துவிட்டது. இதைப் பார்த்த பிள்ளை அடுத்த கேள்வியைத் தானே கேட்கும். நீங்கள் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள்.

கம்பளிப் புழுவை மட்டும் யாரும் தொடக் கூடாது. கடிக்கும் எறும்பு என்றால் விரலுக்குப் பதில் குச்சி. பூச்சிக்கடி ஒவ்வாமை யாருக்கு இருக்கிறது என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.